எட்டாம் பெட்டி

தன்னையே சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று ஞானசிங் கோர்ட்டுக்குக் கொடுத்த மனுவை டைப் செய்தது நான்தான். பகலில் குலசேகரத்து ஜெராக்ஸ் கடையில் வேலை, மாலையில் டைப்பிங் வகுப்பு என்று இருந்த காலம் அது. ஒன்றரைப் பக்க மனு. நான்கு பிழைகள் இருந்தன. இரண்டை அன்றே திருத்தினேன், இரண்டை அவர் கொண்டுபோன பிறகுதான் பார்த்தேன். ஒரு வாரம் தாமதித்திருந்தால் மனிதர் மனம் மாறியிருப்பாரோ என்று பிற்பாடு பலமுறை யோசித்தேன். மாறியிருக்க மாட்டார். கையாலேயே எழுதிக் கொடுத்திருப்பார்.

திற்பரப்புக்குப் போகும் சாலையில், ஓடைக்கு இந்தப் பக்கம் ஞானசிங்கின் வீடு. அடுக்களையை ஒட்டிய தனி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் மகன் லிஜோ கத்தாரில். வீட்டில் ஞானசிங்கும் அவர் மனைவி ராஜபாயும் நாற்பது தேனீப் பெட்டிகளும்தான். பெட்டிகள் வீட்டைச் சுற்றியும் பின்னால் ரப்பர் தோட்டத்திலும் நின்றன. ஒவ்வொரு பெட்டியின் காலுக்கும் அடியில் எறும்பு ஏறாமல் இருக்க வண்டியில் வடித்த கரி ஆயில் ஊற்றிய சிரட்டை. மழைக் காலத்தில் தேன் கிடைக்காதபோது ராஜபாய் சீனிப்பாகு காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றி, ஈ முங்கிச் சாகாமல் உட்கார்வதற்கு ஈர்க்கில் துண்டுகளை ஒடித்து மிதக்க விடுவார். தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து, மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பில் ஊறுவதைத்தான் ஈக்கள் எடுக்கும். பூவில் அல்ல. இதை ஞானசிங் எனக்கு மூன்று தடவை சொன்னார். முதல் தடவை நான் நம்பவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் சுபினின் பெட்டிகள். சுபினுக்கு முப்பது வயது. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து பத்துப் பெட்டியில் தொடங்கினான். நான்கு வருஷத்தில் அறுபது ஆகியிருந்தது. மார்த்தாண்டத்தில் தேன் வாங்குகிற கடையில் அவன் தேனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவார்களாம். ஞானசிங் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, ஒரு பஸ் கூடுதலாக ஏறி வேறு கடைக்குப் போனார். சுபின் கையுறை போடுவதில்லை, அவனை ஈ கொட்டுவதும் இல்லை என்று யாராவது சொன்னால், "அவன் சென்ட் அடிக்கான், அதான் ஈ மயங்கிக் கிடக்கு" என்பார்.

மனு கொடுத்ததற்கு இரண்டு வருஷம் முந்தின கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்த நேரம், நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. ஞானசிங்கின் பெட்டிகளிலேயே பெரிய கூட்டம், ஏழு தேனடை கட்டிய கூட்டம், ராணியோடு பிரிந்து கிளம்பியது. அது கறுத்த புகைபோல ரப்பர் மரங்களுக்கு மேலே போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாந்தபடி ஓடினார்.

இந்தப் பக்கத்தில் தேன் பெட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரிந்து போகிற கூட்டத்தைக் கண் எடுக்காமல் பின்தொடர்ந்து போனால், அது யார் தோட்டத்தில் இறங்கினாலும் பின்தொடர்ந்தவனுக்குத்தான். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டால், அப்புறம் அது எந்தப் பெட்டியில் நுழைகிறதோ அந்தப் பெட்டிக்காரனுக்கு.

கோயில் வளைவில் ஒரு அடக்கம் வந்தது. சவப்பெட்டியைத் தூக்கி வருகிறார்கள், பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு ஜனம். ஞானசிங் நின்றார். தலையில் கட்டியிருந்த நீலத் துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து, தலையைக் குனிந்தார். மூன்று நிமிஷம் இருக்கலாம். நிமிர்ந்தபோது வானம் வெறுமையாக இருந்தது.

அவர் ஓடையைத் தாண்டிப் போனபோது சுபின் தன் காலிப் பெட்டி ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் ஈக்கள் மொய்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் எட்டு என்று எழுதியிருந்தது.

"அண்ணே, கண்ணு விடாம வந்தியளா?" என்று சுபின் கேட்டான்.

"இல்ல. அடக்கம் போச்சு. நின்னேன்."

"அப்போ இது எனக்க பெட்டிக்கு உள்ளதுல்லா."

ஞானசிங் ஆமென்று தலையாட்டிவிட்டு வந்தார். இதை ராஜபாய் எனக்குச் சொன்னார். அன்றைக்கு ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் சுபின் மறுத்திருக்க முடியாது, பார்த்தவர் யாரும் இல்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் ஓடைக் கரைக்குப் போய் நின்றார். எட்டாம் பெட்டி வாசலில் ஈ போகிறதையும் வருகிறதையும் பார்ப்பார். ராணி தன்னுடையது, முதுகில் ஒரு பக்கம் நிறம் மங்கல், பார்த்தால் தெரியும் என்பார். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் தட்டில் ஆறிக் கிடக்கும். ராஜபாய் என்னிடம் சொல்வது போல உரக்கச் சொல்வார்: "பெத்த பிள்ள கத்தார்ல கிடக்கான். அவன் தின்னானா உறங்கினானாண்ணு கேக்க ஆளில்ல. ஓடிப்போன ஈக்குக் காவல் நிக்காரு. நான் ஓடிப்போயிருந்தா இத்தன நாள் தேடியிருப்பாராண்ணு கேளு மக்கா."

மார்கழி தொடங்கி ஐந்தாறு நாள் இருக்கும். என் நோட்டில் புதன் என்று எழுதியிருக்கிறேன், செவ்வாயாகவும் இருக்கலாம். எனக்குக் காய்ச்சல் என்று கடைக்குப் போகவில்லை. மத்தியானம் ஞானசிங் பின்வழியாக வந்தார். சட்டையெல்லாம் புகை வாடை. இரண்டு கையும் முகமும் தடித்திருந்தன. அவரை அப்படிக் கொட்டி நான் பார்த்ததில்லை. ராஜபாய் ஒன்றும் கேட்காமல் கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். பதினேழு என்று எண்ணினார். பிறகு தும்பை இலையைக் கசக்கித் தேய்த்தார்.

மறுநாள் சுபின் தன் பெட்டிகளில் ஒன்று முதல் எட்டு வரை மூடிகளின் மேல் செத்த ராணிகளைப் பார்த்தான். தலை நசுக்கி, வரிசையாக, பெட்டிக்கு ஒன்று. தேன் காலத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது ராணி இல்லாத கூட்டம் சிதறிப்போகும். எட்டும் சிதறிப்போயின. ரப்பர் பால் வெட்டுகிற விபின், தூரத்தில் நீலத் துவர்த்து கட்டிய ஒரு ஆள் புகைக் குழலோடு நின்றதைப் பார்த்ததாகப் போலீசில் சொன்னான். முகம் பார்க்கவில்லை என்றும் சொன்னான். அத்துமீறி நுழைந்ததற்கும் சேதம் செய்ததற்கும் வழக்குப் போட்டார்கள்.

வழக்கு ஒன்றே முக்கால் வருஷம் குழித்துறையில் நடந்தது. வக்கீலைவிட அவருடைய குமாஸ்தா கிருஷ்ணமணிதான் வீட்டுக்கு வருவார். கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு விளக்குவார். விபின் முகம் பார்க்கவில்லை, வேறு சாட்சி இல்லை, சந்தேகத்தின் பலனை நமக்குத்தான் தர வேண்டும். நாம் ஒன்றும் நிரூபிக்க வேண்டாம். ஞானசிங் கோர்ட்டில் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஒருவேளை குற்றம் என்று தீர்ந்தாலும், முதல் தடவை, ஐம்பது வயதுக்கு மேல், நன்னடத்தை எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் அன்று மத்தியானம் புருஷன் வீட்டில்தான் இருந்தார் என்று ராஜபாய் வந்து சொல்லட்டும்.

"நான் கூண்டுல கேறினா உள்ளதைத்தான் சொல்லுவேன்," என்றார் ராஜபாய். "பதினேழு கொடுக்கு எடுத்தேன்னு சொல்லுவேன். செரியா?"

கிருஷ்ணமணி டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா வீட்டுலயே இருங்க," என்றார்.

சுபினை விசாரித்த நாளில் நானும் போயிருந்தேன். அவன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். தேனீ வளர்ப்பைப் பற்றி நீதிபதிக்கே ஆர்வம் வந்துவிட்டது. ராணி எத்தனை முட்டை இடும், ஒரு கூட்டத்தில் எத்தனை ஈ என்றெல்லாம் கேட்டார். சுபின் பொறுமையாகப் பதில் சொன்னான். வராந்தாவில் நின்ற வக்கீல்கள்கூட உள்ளே வந்து கேட்டார்கள். எதிர்க் கூண்டில் ஞானசிங் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டி வைத்திருப்பவர் அவர். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, "ராணி ரெண்டு வருஷம் நல்லா முட்டையிடும்னு சொல்லுகான். மூணாவது வருஷத்து ராணியை வச்சு நான் தேனெடுத்திருக்கேன்," என்றார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "நானும் கூண்டுல கேறணும்" என்றார். அடுத்த வாரம்தான் மனுவைக் கொண்டு வந்தார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டாராம். கிருஷ்ணமணி வீடு வரை வந்து, குற்றம் சாட்டப்பட்டவர் தானாகக் கேட்டால் தவிர யாரும் அவரை அந்தக் கூண்டில் ஏற்ற முடியாது, கேட்டு ஏறிவிட்டால் எதிர்த் தரப்பு எதையும் கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஞானசிங் பெட்டியின் காலுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

சாட்சிக் கூண்டில் அவர் நன்றாகத்தான் தொடங்கினார். கடவுளறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று சொன்னபோது குரல் கோயிலில் வேதம் வாசிப்பதுபோல இருந்தது. கூட்டம் போன நாளுக்குப் பிறகு சுபினின் தோட்டத்தில் கால் வைத்ததே இல்லை என்றார். அந்தப் பெட்டிகளைத் திறந்ததே இல்லை என்றார். இரண்டும் பொய் என்று ராஜபாய்க்குத் தெரியும், எனக்கும் தெரியும். ராஜபாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்தபோது ஒரு மணி ஆகப்போகிறது. அவருக்கும் பசி. சுபின் கொடுத்த சேதப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்து, "இது உங்களால் வந்த சேதம் என்கிறேன்" என்பார். ஞானசிங் "இல்ல ஐயா" என்பார். இப்படி ஏழு பெட்டி போனது.

"எட்டாவது பெட்டி. உங்களிடமிருந்து பிரிந்து போன கூட்டம். சுபின் கையில் போன பிறகு அது நல்லா வளர்ந்து, அதில் மட்டும் பதினைந்து கிலோ தேன் கிடைத்திருக்கும். இதுவும் உங்களால் வந்த சேதம் என்கிறேன்."

"பதினஞ்சா?" என்றார் ஞானசிங்.

அரசு வக்கீல் தாளைப் புரட்டிவிட்டார். ஞானசிங் நிறுத்தவில்லை. "ஐயா, அதுல மூணு அடைதான் கெட்டியிருந்துது. அதுலயும் ஒண்ணு கோணல். எனக்கிட்ட நின்னப்போ ஏழு அடை. அவன் கையில போய் அது நல்லா இல்ல."

டைப் செய்கிறவர் கையை நிறுத்தி நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மூன்று அடை இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?"

ஞானசிங் சுபினைத்தான் பார்த்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுபின், தன்னை அறியாமல், தலையை ஆட்டினான். எண்ணிக்கை சரி. ஒன்று கோணல்தான்.

புரட்டாசியில் தீர்ப்பு வந்தது. அன்று எங்கள் வழக்குக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரன் கையைக் கம்பியால் அடித்து உடைத்த ஒருவனுடைய வழக்கு. குற்றம் நிரூபணமானது. அவன் விசாரணை முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன். முதல் குற்றம் என்று நன்னடத்தை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ஞானசிங்கைக் கூப்பிட்டார்கள். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை நன்றாக இருந்தது. வக்கீல் அதை எடுத்துச் சொன்னார். நீதிபதி கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருந்தது. பேசாததற்காக நான் உங்களைத் தண்டித்திருக்க மாட்டேன். நீங்களே கேட்டு, உறுதிமொழி எடுத்து, இந்தக் கூண்டில் நின்று பொய் சொன்னீர்கள். செய்ததற்கு வருத்தப்படுகிறவர் அதைச் செய்ய மாட்டார். உங்களுக்குச் சலுகை காட்ட எனக்குக் காரணம் இல்லை." நான்கு மாதம் சிறை. மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் விட்டார்கள்.

வெளியே சாயாக் கடையில் கிருஷ்ணமணி கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "ராணிக்கு ஒண்ணும் இல்ல அக்கா, அது நன்னடத்தையில போயிருக்கும். நாலு மாசமும் பொய்யுக்குத்தான்."

"பொய்யுக்குத் தனியா கேஸ் போட்டினுமா?"

"இல்ல. அப்பிடிப் போட்டா அதைத் தனியா விசாரிக்கணும், சாட்சி வேணும், நமக்கும் பேச இடம் உண்டு. இது இதுலயே சேத்து வச்சாச்சு."

"விசாரிக்காத குத்தத்துக்குத் தண்டனையா?"

"அதத்தான் அப்பீல்ல கேக்கப் போறோம்," என்றார் கிருஷ்ணமணி. அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

கை உடைத்தவன் அடுத்த மேஜையில் இருந்தான். அவன் மனைவி பழம்பொரியைப் பிய்த்து, ஆறவைத்து, அவன் பக்கம் தள்ளினாள். ராஜபாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் அவன் பைக்கின் பின்னால் ஏறி, அவன் தோளில் கைவைத்துக்கொண்டு போனாள். "அவளுக்க மாப்பிள வாயில்லாதவன். கொடுத்து வச்சவ," என்றார். ஞானசிங் கேட்டும் கேட்காதவர் போல டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் நாகர்கோவிலில் அப்பீல் தள்ளுபடியானது. தண்டனை சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, கீழ்க் கோர்ட்டு சொன்ன காரணத்தில் தவறு இல்லை என்றார்கள். தை பத்தாம் தேதி ஞானசிங் ஜெயிலுக்குப் போனார். ரப்பர் மரங்கள் இலை கொட்டி நின்றன. அடுத்த தேன் காலம் முழுக்க அவர் உள்ளே.

பெட்டிகளுக்குத் தேன் அறை ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ராஜபாய் செய்தார், விடுமுறை நாளில் நான் கூட நின்றேன். நான் புகை போட்டால் ஒன்று அதிகமாகிவிடும், இல்லையென்றால் அணைந்துவிடும். மூன்று கூட்டம் எங்கள் கண்முன்னாலேயே கிளம்பிப் போனது. நாங்கள் இருவரும் எத்தனை தூரம் ஓட முடியும்.

மாசி நடுவில் ஒரு காலை, சுபின் தேன் சுற்றுகிற இயந்திரத்தை ஓம்னி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான். ராஜபாய் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் முதல் பெட்டியைத் திறந்தான். கையுறை இல்லை. சட்டங்களைத் தூக்கி, ஈயை மெல்ல உதறி, மெழுகு மூடிய அறைகளைக் கத்தியால் சீவி, இயந்திரத்தில் வைத்தான். ஈக்கள் அவன் முழங்கை வரை ஊர்ந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. தேன் தகர டின்னில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ராஜபாய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கொட்டினா என்ன," என்று மெதுவாகச் சொன்னார். "இருபத்தெட்டு வருஷம் சோறு போட்டவருக்குப் பதினேழு. இவனுக்கு ஒண்ணுமில்ல."

மத்தியானம் கிழங்கும் மீனும் கொடுத்தார். தின்றுகொண்டிருக்கும்போது சுபின் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, அண்ணன் சொன்னது செரிதான். மூணு அடையில பதினஞ்சு கிலோ எடுக்க முடியாது. அஞ்சு கிடைச்சா அதிகம். நஷ்டம் கூட்டிக் காட்டணும்னு எழுதினது. கோர்ட்டுல அதையே சொல்லிட்டேன்."

ராஜபாய் மீன் சட்டியை இறக்கி வைத்தார். "கூண்டுல கேறித்தான சொன்னே?"

"ஆமா."

"கடவுளறியண்ணு சொல்லிட்டுத்தான?"

சுபின் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான்.

"அதுக்கு உனக்கு எத்தன மாசம் மக்கா?"

அவன் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிவிட்டு, மிச்சப் பெட்டிகளைப் பார்க்கப் போனான். எங்களுக்குப் பெட்டிக்கு ஒன்பது கிலோ கிடைத்தது. அவனுக்குப் பதினாறு. இரண்டையும் நான்தான் நோட்டில் எழுதினேன்.

பங்குனியில் ஜெயிலுக்குப் பார்க்கப் போனோம். சுபின் தானே வேனைக் கொண்டு வந்தான். இரண்டு பஸ் மாறுகிற கஷ்டத்தை நினைத்து ராஜபாய் ஏறினார். அவன் ஜெயிலுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஞானசிங் மெலிந்திருந்தார். லிஜோ போன் பண்ணினானா என்று முதலில் கேட்டார். பஸ்ஸில்தானே வந்தீர்கள் என்றார். ஆமாம் என்றார் ராஜபாய். யார் தேன் எடுத்தது என்று கேட்டார். நானும் இந்தப் பிள்ளையும் என்றார் ராஜபாய்.

"பெட்டிக்கு எத்தன?"

"பதினொண்ணு."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் வேறு குடும்பங்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தன. அவர் வலையில் விரலை மாட்டிக்கொண்டு நின்றார். கேட்கப்போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"அவனுக்கு?"

ராஜபாய் முந்தானையால் வாயைத் துடைத்தார். கோர்ட்டில் பொய் சொல்ல மாட்டேன் என்று கிருஷ்ணமணியைத் திருப்பி அனுப்பியவர். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஆறு," என்றார். "இந்தத் தடவ அவனுக்கு ஒண்ணும் செரியில்ல."

ஞானசிங்கின் முகம் தளர்ந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, அதற்குப் பக்கத்தில் இருந்தது. "கோணல் அடை கெட்ட விட்டா தேன் எங்ஙன நிக்கும்," என்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா." நேரம் முடிந்தது என்று காவலர் வந்து கூப்பிடும்வரை மூன்றாவது வருஷத்து ராணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே சுபின் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். எங்களுக்காக வாழையிலைப் பொட்டலத்தில் சோறு வாங்கி வைத்திருந்தான். நாங்கள் ஏறியதும் உடனே கிளப்பவில்லை. சாவியில் கைவைத்தபடி, "அண்ணன் என்னப் பத்திக் கேட்டாரா?" என்றான்.

"இல்ல," என்றார் ராஜபாய்.

"தேனப் பத்தி?"

"கேட்டாரு. எங்களுக்குள்ளதைப் பத்தித்தான்."

"எனக்கு எவ்வளவுண்ணு கேக்கல்லியா?"

"உன்னை எதுக்கு அவரு கேக்கணும்?"

சுபின் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பவன்போலக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் தோள் இறங்கியது. பதினாறு கிலோ எடுத்தவன் முகம் போல இல்லை அது. வண்டியைக் கிளப்பினான்.

ராஜபாய் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். தை மாதத்திலிருந்து அவர் பசியோடு சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.